காசு எடுக்க வரும் கை

"உன் கெமராவில் உன்னைப் பதிவு செய்துவிட்டேன், பிட்கொயின் அனுப்பு, இல்லாவிட்டால் எல்லோருக்கும் காட்டுவேன்" என்று வரும் ஈமெயில் பற்றி பழைய மாணவர்கள் சிலர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்கள். கேட்ட விதத்திலேயே பயம் தெரிந்தது. வரலாற்று ஆசிரியன் என்பதால் வரலாற்றிலிருந்தே சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் குடியேறியிருந்த இத்தாலியர்களுக்குக் 'கறுப்புக் கை' கடிதங்கள் வந்தன. காசு கேட்டு எழுதி, கறுப்புக் கையும் கத்தியும் வரைந்திருப்பார்கள். 1910இல் புகழ்பெற்ற பாடகர் என்ரிக்கோ கரூசோவிடம் 15,000 டொலர் கேட்டார்கள். அவர் பொலிஸுக்குச் சொன்னார். புரூக்ளினில் ஒரு தொழிற்சாலைப் படிக்கட்டின் கீழே பொதியை வைத்துவிட்டுப் பொலிஸார் காத்திருந்தார்கள். எடுக்க வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

கடிதம் எழுதுவது லேசு. காசை எடுக்க ஒரு ஆள் வந்தாக வேண்டும். மிரட்டுபவனுக்கு எப்போதும் ஆபத்து அங்கேதான்.

1989இல் ஜோசப் பொப் என்ற அமெரிக்க உயிரியலாளர் எயிட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி ஆயிரக்கணக்கான டிஸ்கட்டுகளைத் தபாலில் அனுப்பினார். அவை கணினியை முடக்கி 189 டொலர் கேட்டன. அவருக்கும் பனாமாவில் ஒரு தபால் பெட்டி தேவைப்பட்டது.

2009இல் பிட்கொயின் வந்ததும் படிக்கட்டும் தபால் பெட்டியும் தேவையற்றுப் போயின. பணம் எந்த முகவரிக்குப் போனது என்பதை எவரும் பார்க்கலாம், அந்த முகவரி யாருடையது என்பதுதான் தெரியாது. அதோடு, கரூசோ போன்ற பணக்காரரைத் தேடிப் பிடிக்கும் வேலையும் போய்விட்டது. ஒரே கடிதத்தை இலட்சம் பேருக்கு அனுப்பலாம், பத்துப் பேர் பயந்தால் போதும்.

2018 ஜூலையில் இந்த ஈமெயில்கள் பெருகின. தலைப்பிலேயே உங்கள் பழைய கடவுச்சொல் இருக்கும். பலர் கலங்கியது அதைப் பார்த்துத்தான். ஆனால் அது உங்கள் கணினியிலிருந்து எடுத்ததல்ல. லிங்க்ட்இன் போன்ற தளங்களில் முன்பு திருடப்பட்ட பட்டியல்களிலிருந்து வந்தது. 2012இல் லிங்க்ட்இனில் களவுபோனவை 2016இல் விற்பனைக்கே வந்தன. வீடியோ என்று ஒன்று அவனிடம் இல்லை. அவன் உங்களைப் பார்த்ததுமில்லை.

ஆகவே பதில் எழுத வேண்டாம், காசு அனுப்பவும் வேண்டாம். அந்தக் கடவுச்சொல் இன்னும் எங்காவது பாவனையில் இருந்தால் இன்றே மாற்றுங்கள். உங்களோடு பேசிப் பழகிய ஒருவர் உண்மையான படத்தை வைத்துக்கொண்டு மிரட்டினால் அது வேறு விஷயம். அதை அழிக்காமல் வைத்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் பொலிஸுக்குப் போங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.