காலி சுவாதீனம்

தியாகராய நகர் ஓர் ஏரியின் மேல் நிற்கிறது. இதை உவமையாகச் சொல்லவில்லை. நுங்கம்பாக்கம், மாம்பலம் பகுதிகளை ஒட்டி மயிலாப்பூர்ப் பக்கமாக நீண்டு கிடந்த, வெள்ளைக்காரர்கள் ‘லாங் டாங்க்’ என்று அழைத்த நீர்ப்பரப்பை 1923லிருந்து வடிக்கத் தொடங்கினார்கள். 1920ல் நகரமைப்புச் சட்டம் வந்திருந்தது. மாகாணத்தில் ஜஸ்டிஸ் கட்சியின் ஆட்சி. நடுவில் ஒரு பூங்கா, அங்கிருந்து பிரிந்து செல்லும் அகலமான சாலைகள், இருபுறமும் அளந்து கல் நட்ட மனைகள். நகருக்குத் தியாகராய செட்டியாரின் பெயர், பூங்காவுக்குப் பனகல் ராஜாவின் பெயர். உஸ்மானும் நாயரும் தணிகாசலமும் சாலைகளானார்கள். மனை பார்க்க வந்தவர் பூங்காவைப் பார்த்தார், சாலையின் அகலத்தைப் பார்த்தார். ஏரியைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மேற்கு மாம்பலத்தில் மட்டும் லேக் வியூ ரோடு என்ற பெயர் எப்படியோ தங்கிவிட்டது.

விற்பனைக்காக ஓர் இடத்தைத் தயார்செய்வது பற்றித் தென்சென்னையின் வரலாற்றை எழுதுகிறவன் இந்த ஏரியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் இந்தக் காரியத்துக்கு ‘ஸ்டேஜிங்’ என்று பெயர். 1972ல் சியாட்டில் பக்கத்து வீட்டுத் தரகர் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி இதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். நாடக மேடையிலிருந்து எடுத்த சொல் அது. மேடையில் பொருள்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நம் ஊரில் நடந்ததோ பெரும்பாலும் அகற்றும் வேலை. வாங்குபவர் கண்ணில் படக்கூடாதது எது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நம் சொத்து வரலாற்றை அந்த மாற்றத்தைக்கொண்டே எழுதிவிடலாம்.

மயிலாப்பூரில் பழைய நாட்களில் வீட்டுக்குச் செய்யப்பட்ட ஒப்பனை அற்பம். சுண்ணாம்பைக் குழைத்து, வெளுப்பு எடுத்துக்காட்ட ஒரு சிட்டிகை நீலம் கலந்து, மட்டையால் இரண்டு பூச்சு. விறகுப் புகையேறிய அடுக்களைச் சுவருக்கு மூன்று. பொங்கலுக்கு எல்லோரும் வெள்ளையடிப்பார்கள். மற்ற மாதத்தில் அடித்தால் கல்யாணம் அல்லது கிரயம் என்று தெரு ஊகித்துக்கொள்ளும். ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் பேசமாட்டார்கள் என்பதால் அந்த ஊகத்துக்கும் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. வாங்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, ரேழியைக் கடந்து, கூடத்து ஊஞ்சலையும் முற்றத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் விட்டுப் பார்ப்பார். உப்பா இனிப்பா என்பது தெரிந்தால் வீட்டைப் பற்றிய விசாரணை ஏறக்குறைய முடிந்தது. அதன்பின் பத்திரங்கள் வரும்.

உண்மையான துலக்கல் அங்கேதான் நடந்தது. தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று, அடமானம் தீர்ந்த ரசீது. வக்கீல்கள் நிறைந்த ஊர் மயிலாப்பூர். அங்கே சுவரின் விரிசலைவிடப் பத்திரத்தின் விரிசல் பெரிய விஷயம். 1882ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு விற்பவருக்கு ஒரு கடமை விதிக்கிறது: சொத்திலோ அதன் மீதான உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது தனக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியாததாக இருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும். நூற்றிநாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பிரிவு அமுலில் இருக்கிறது. சொத்து என்ற சொல்லும் உரிமை என்ற சொல்லும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நாம் இரண்டாவதை மட்டும் பயபக்தியோடு எடுத்துக்கொண்டோம்.

பத்திரத்தில் மறைந்திருக்கும் மனிதர்கள் பெரும்பாலும் பெண்கள். 1956ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனார் சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்குப் பங்கு தந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் உரிமை, தமிழ்நாட்டில் 1989ல்தான் வந்தது, அதுவும் அந்த வருஷம் மார்ச் 25க்கு முன் கல்யாணமாகிப் போனவர்களை விட்டுவிட்டு. 2005ல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்தது. விளைவாக, வீட்டை விற்கத் தயார்செய்வது என்றால் அதுவரை யாரும் கேட்காத கையெழுத்துகளைத் தேடிப்போவது என்று ஆயிற்று. பம்பாயில் இருக்கும் அக்கா, நியூஜெர்சியில் இருக்கும் தங்கை, தூதரகத்தில் முத்திரை வைத்து வரவேண்டிய பவர் பத்திரம். சீராகப் போய் வந்துவிட்ட மகளிடம் ‘ஒரு கையெழுத்துதானேம்மா’ என்று கேட்கும் குரலில் ஒரு சமூகத்தின் கூச்சம் முழுவதும் இருக்கிறது. நம் நாவலாசிரியர்கள் இந்தக் குரலைப் போதுமான அளவு கேட்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மயிலாப்பூருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மாடவீதிகளைச் சுற்றியும் அப்பாலும் கபாலீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான மண் நிறைய. மண் சுவாமியுடையது, மேலே நிற்கும் கட்டிடம் குடியிருப்பவருடையது, அடிமனைக்கு வாடகை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வீட்டை விற்கும்போது செங்கல்லையும் உத்தரத்தையும்தான் விற்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மண் இல்லாமல் வீட்டை விற்ற ஊர், ஐம்பது வருஷத்துக்குள் வீடு இல்லாமல் மண்ணை விற்கும் ஊராகப் போகிறது.

எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வீடுகள் கைமாறிய காலம் ஒன்று இருந்தது. 1942 ஏப்ரல் 5ல் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள், மறுநாள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும். அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று சர்க்கார் சொல்லிற்று. அரசு அலுவலகங்களே வெளியூர்களுக்கு நகர்ந்தன. கிடைத்த ரயிலில் ஜனங்கள் கும்பகோணத்துக்கும் திருநெல்வேலிக்கும் போனார்கள். அடிமாட்டு விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்லும் குடும்பங்கள் தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் இன்றும் உண்டு. அப்போது வெள்ளையடிக்க ஆளும் கிடையாது, அவகாசமும் கிடையாது. வாங்கியவருக்கு வேண்டியிருந்தது தைரியம் ஒன்றுதான்.

யுத்தம் முடிந்ததும் நெருக்கடி எதிர்ப்பக்கம் திரும்பிற்று. வீட்டுப் பஞ்சம், அதைத் தொடர்ந்து வாடகைக் கட்டுப்பாடு. 1946லும் 1949லும் வந்த சட்டங்களுக்குப் பின் 1960ன் சட்டம் வந்து, 2019 பிப்ரவரி வரை கிட்டத்தட்ட அறுபது வருஷம் நின்றது. இக்காலத்தில் வீட்டிலிருந்து அகற்றப்பட வேண்டிய பொருள் குடித்தனக்காரர். ‘காலி சுவாதீனம்’ என்ற இரண்டு சொற்கள் விளம்பரங்களில் கிரவுண்டுக் கணக்குக்கு அடுத்தபடியான மதிப்பைப் பெற்றன. முப்பது வருஷமாகப் பின்கட்டில் இருந்த குடும்பம் வழக்காடியோ பணம் வாங்கிக்கொண்டோ போன பிறகுதான் வீடு விற்பனைக்குத் தயார். யார் பக்கம் நியாயம் என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எழுபது ரூபாய் வாடகையில் கிழவியாகிவிட்ட சொந்தக்காரி ஒருத்தி உண்டு, போக்கிடமில்லாத குமாஸ்தாவும் உண்டு.

அடுத்து அகற்றப்பட்டது வீடு. 1940களின் இறுதியில் கூட்டுறவுச் சங்கம் உருவாக்கிய அடையாறு காந்தி நகரிலும், பின்னர் வீட்டு வசதி வாரியம் அமைத்த பெசன்ட் நகரிலும் மண்ணின் விலை கட்டிடத்தின் விலையைத் தாண்டிப்போயிற்று. 1975ன் முதல் பெருந்திட்டத்துக்குப் பின் தளப்பரப்பு விகிதம் என்பது ஒவ்வொரு கிரவுண்டுக்கும், அதாவது 2400 சதுர அடிக்கும், ஒரு மதிப்பெண் போலாயிற்று. அதன்பின் மெட்ராஸ் ஒட்டுத் தளமும் பர்மாத் தேக்கும் வாங்குபவர் கணக்கில் இடிப்புச் செலவாக மாறின. வீட்டை நன்றாகப் பராமரித்தவருக்கு அதற்காக ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது. கதவும் தூணும் தனியே பழைய மரக்கடைக்குப் போயின. வேறு ஊர்களில் இடிபட இருந்த சில வீடுகளுக்கு மறுபிறப்பும் கிட்டிற்று: 1996ல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடும் அக்ரஹார வீடும் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஊஞ்சல் இருக்கிறது, அடுக்களை இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது. ‘ஸ்டேஜிங்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த உதாரணம் அதுதான், விற்பனை மட்டும் கிடையாது.

இடித்த மனையில் எழுந்த அடுக்குமாடிகளின் பத்திரங்கள் விசித்திரமானவை. பல வருஷங்கள் வழக்கத்தில் இருந்த முறைப்படி, வாங்குபவருக்கு மண்ணில் ஒரு பிரிக்கப்படாத பங்குதான் கிரயம் செய்து தரப்பட்டது. வீடு என்பது தனியான ஒரு கட்டுமான ஒப்பந்தம். மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் சட்டத்தின் கண்ணில் கீழே காலியிடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முதலில் காட்டப்பட்டதும் ‘மாதிரி வீடு’தான். யாரும் தூங்காத கட்டில், யாரும் சமைக்காத அடுப்பு. பழைய வீட்டை விற்பவர்களும் இப்போது அதையே முன்மாதிரியாகக் கொள்கிறார்கள். ஆணிகளைப் பிடுங்கி, பூஜை அறைக் குங்குமக் கறையைச் சுரண்டி, பிள்ளைகளின் உயரம் குறித்த பென்சில் கோடுகளைப் பட்டி பூசி மறைத்து, இறந்தவர் படத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டு, தரகரை வரச்சொல்கிறார்கள்.

2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரையேறிற்று. கோட்டூர்புரத்திலும் ஆற்றோரத் தெருக்களிலும் தரைத்தளச் சுவர்களில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. 2021 நவம்பரில் தியாகராய நகரே நீரில் நின்றது. ஏரி தன் பழைய அளவைச் சரிபார்க்க வந்ததுபோல இருந்தது. அந்தக் கோடுகள் இப்போது தென்படுவதில்லை. ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். 55ஆம் பிரிவின் முதல் பாதி எழுதப்பட்டதே இப்படிப்பட்ட சுவருக்காகத்தான், ஆனால் அதை மேற்கோள் காட்டுகிற விற்பனையாளர் யாரையும் நான் பார்த்ததில்லை. விவரமான வாங்குபவர் சுவரைப் பார்ப்பதில்லை. மின்சார மீட்டர் எவ்வளவு உயரத்தில் புதிதாக மாட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார். பிறகு குனிந்து, வாசல் நிலையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துகிறார், மரம் ஊறியிருக்கிறதா என்று.