கொலஸ்டிராலை அளக்கும் ஒளி

இரத்தத்தில் கொலஸ்டிரால் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தொடக்கத்தில் இதற்கு அடர் கந்தக அமிலம் தேவைப்பட்டது.

1885-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலார் லீபர்மான், அசெட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் சேர்த்தால் கொலஸ்டிரால் நிறம் காட்டுவதைக் கண்டார். பின்னர் புர்க்கார்டு அம்முறையை மேம்படுத்தினார். பச்சை நிறம் அடர்ந்தால் கொலஸ்டிரால் அதிகம். எளிய முறைதான், ஆனால் தோலைப் பொசுக்கும் அமிலத்தை ஒவ்வொரு சோதனையிலும் கையாள வேண்டும். மேலும், பிலிருபின் போன்ற பொருள்களும் நிறத்தில் கலந்து கணக்கைக் கெடுத்தன. அமிலத்திற்கு ஆள் அடையாளம் தெரியாது!

நொதிக்குத் தெரியும். 1973-இல் ரிச்மண்ட் என்பவர், நோக்கார்டியா என்னும் பாக்டீரியாவிலிருந்து பெற்ற கொலஸ்டிரால் ஆக்சிடேஸ் நொதியை இப்பணிக்குப் பயன்படுத்தினார். கொலஸ்டிரால் மாறும்போது ஆக்சிஜன் செலவாகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. ஆனால் இரத்தக் கொலஸ்டிராலில் பெரும்பகுதி கொழுப்பு அமிலத்துடன் எஸ்டராகப் பிணைந்திருக்கும். அதை முதலில் விடுவிக்க எஸ்டரேஸ் என்ற இன்னொரு நொதி வேண்டும். 1974-இல் ஆலெய்ன் குழுவினர் இரண்டையும், பெராக்சைடைக் கொண்டு நிறம் உண்டாக்கும் பெராக்சிடேஸையும் ஒரே கரைசலில் சேர்த்தனர். மருத்துவ ஆய்வுக்கூடங்களில் அமிலம் பின்வாங்கத் தொடங்கியது.

நிறமே போதுமே, ஒளிர்வு எதற்கு என வாசகர்கள் கேட்கலாம். நிறத்தை அளப்பது, பெரிய வெளிச்சத்தில் ஏற்படும் சிறு குறைவைக் காண்பது போன்றது. ஒளிர்வை அளப்பதோ, இருட்டறையில் சிறு விளக்கைக் காண்பது. அதனால் மிக நுண்ணிய அளவும் அகப்படும்.

1990-இல் டிரெட்நாக், உல்ஃப்பைஸ் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர்கள் இதை வேறு வழியில் பயன்படுத்தினர். ஆக்சிஜன் சில சாயங்களின் ஒளிர்வைத் தணிக்கும் என்பது 1930-களிலேயே கௌட்ஸ்கி கண்ட உண்மை. அத்தகைய சாயப் படலத்தின்மீது கொலஸ்டிரால் ஆக்சிடேஸை நிலைநிறுத்தி, கண்ணாடி இழை வழியாக ஒளியைச் செலுத்தினர். கொலஸ்டிரால் வந்தால் நொதி ஆக்சிஜனைச் செலவழிக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய சாயம் மேலும் பிரகாசிக்கும். அந்தப் பிரகாசமே அளவு! நொதி படலத்திலேயே தங்கிவிடுவதால் மீண்டும் பயன்படுகிறது.

சிக்கல் இல்லாமலும் இல்லை. மாதிரியில் முன்பே கரைந்துள்ள ஆக்சிஜன் ஏறி இறங்கினால் உணரி ஏமாந்து போகும். ஆக்சிடேஸ் மட்டும் உள்ள உணரி, பிணைப்பில்லாத கொலஸ்டிராலையே காணும்; மொத்தமும் தெரிய வேண்டுமானால் எஸ்டரேஸ் முன்னே சென்று வேலையை முடித்திருக்க வேண்டும்.