மறுவாழ்வு அறிவியல் பட்டமேற்படிப்பு

விபத்து, நோய், பிறவிக் குறைபாடு ஆகியவற்றால் உடலியக்கமோ புலன்களோ பாதிக்கப்பட்டவர், தம் வேலைகளைத் தாமே செய்து வாழ வழிகாணும் உயர்கல்வித் துறை. மறுவாழ்வு மருத்துவம், பிசியோதெரபி, செயற்கை உறுப்புப் பொறியியல், பேச்சு–கேட்புப் பயிற்சி, உளவியல் ஆகியவை இதன் கிளைகள்.

தோற்றம்

முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்கான பயிற்சி முகாம்களே இத்துறையின் நாற்றங்கால். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிராங்க் குருசென் 1936இல் மூன்றாண்டுச் சிறப்புப் பயிற்சியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின் காயங்களும் போலியோவும் தேவையைப் பெருக்கின. விமானப்படையில் காயமுற்றவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தந்த ஹோவர்டு ரஸ்க், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அமைத்த நிலையம் பல நாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சிக்களமாயிற்று. 1947இல் அமெரிக்காவில் இத்துறைக்குத் தனித் தகுதி வாரியம் அமைந்தது.

இந்தியாவில்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1940களின் பிற்பகுதியில் உருவாக்கினார். செயல்படும் தசையொன்றின் நாணை எடுத்து விரலில் இணைப்பது இதன் முறை. கத்தியின் வேலை அத்துடன் முடிந்தாலும், பழைய பணிக்கே பழகிய அந்தத் தசையைக் கொண்டு விரலை அசைக்க நோயாளி புதிதாகக் கற்க வேண்டும். அதைக் கற்பிப்பது தனிப் படிப்பு என்பதை இச்சிகிச்சை உணர்த்தியது.

அங்கு பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் ரஸ்கிடம் பயின்று திரும்பி, 1963இல் வேலூரின் மறுவாழ்வு மருத்துவத் துறைப் பொறுப்பை ஏற்றார். அவர் முயற்சியால் 1966இல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் அமைந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மும்பையில் 1955இலேயே நிறுவப்பட்ட அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிலையமும் இத்துறையில் பட்டமேற்படிப்பை வளர்த்தது.

ஆய்வின் திசை

இந்தியர்கள் சப்பணமிட்டு உட்காரவும் வெறுங்காலுடன் வயலில் நடக்கவும் மேலைநாட்டுச் செயற்கைக் கால் இடங்கொடுக்கவில்லை. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968 வாக்கில் ரப்பரைக் கொண்டு உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் அக்குறையைத் தீர்த்தது. 1997இல் அமெரிக்க மருத்துவ நிலையத்தின் அறிக்கை, மறுவாழ்வு அறிவியலைத் தனி ஆய்வுப் புலமாக வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வகைப்பாடு, ஊனத்தை உடற்குறையாக மட்டும் கொள்ளாமல், படிக்கட்டு, பேருந்து, பிறர் மனப்பான்மை ஆகிய சூழல்களையும் கணக்கில் எடுத்தது. இதனால் முனைவர் பட்ட ஆய்வுகளின் களமும் மருத்துவமனைக்கு வெளியே விரிந்தது.

இன்றைய அமைப்பு

இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவ எம்.டி. படிப்பு மூன்றாண்டு; பிசியோதெரபி முதுகலை இரண்டாண்டு. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம், செயற்கை உறுப்பு வல்லுநர், கேட்பியலாளர், சிறப்பாசிரியர் முதலியோரின் படிப்புகளை நெறிப்படுத்துகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனமும் இத்துறையில் உயர்கல்வி அளிக்கிறது. பிசியோதெரபி 2021ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய வேறோர் ஆணையத்தின் கீழும், எம்.டி. தேசிய மருத்துவ ஆணையத்தின் கீழும் உள்ளன. ஒரே நோயாளிக்காகக் கூடி உழைக்க வேண்டியவர்கள் இவ்வாறு மூன்று அமைப்புகளின் கீழ் தனித்தனியே பயில்கின்றனர்.