தாதரைக் கடந்த முதல் ரயில்

மும்பையில் தாதர் வழியாக இன்று தானேவுக்கு லோக்கல் ரயில் ஓடுகிறதே, அந்தப் பாதை முதலில் யோசிக்கப்பட்டது பருத்தி மூட்டைக்காக. 1846-ல் அமெரிக்காவில் பருத்தி விளைச்சல் பொய்த்தது. லங்காஷயர் ஆலை முதலாளிகள் தக்காணத்துப் பருத்தியின் மேல் கண் வைத்தார்கள். அதுவோ பொதிமாடுகளின் முதுகில் மலை இறங்கி, மழையில் நனைந்து, பாதி அழுக்கோடு பம்பாய்க்கு வந்து சேரும். மலையைத் தாண்டி இரும்புப் பாதை போட்டாலொழிய வழியில்லை.

பம்பாயிலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஜகந்நாத் சங்கர்சேட்டும் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் 1845-லேயே ரயிலுக்காகச் சங்கம் கூட்டியவர்கள். 1849-ல் லண்டனில் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனி சட்டப்படி பிறந்தது. அதன் ஒப்பந்தத்தில்தான் சூட்சுமம். நிலம் இலவசம், பங்கு வாங்கிய சீமைக்காரருக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானம் உறுதி. ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால், குறைவதை இந்திய அரசு தன் வருவாயிலிருந்து ஈடுகட்டும். அந்த வருவாயில் பெரும்பங்கு வேறென்ன, உழவன் கட்டிய நிலவரிதான். லாபம் வந்தால் அவர்களுக்கு, நஷ்டம் வந்தால் நமக்கு. இப்படியொரு வியாபாரம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

ஜேம்ஸ் பெர்க்லி தலைமைப் பொறியாளர். அன்றைய தாதர் பக்கம் தோப்பும் வயலுமாகக் கிடந்தது. சயானைத் தாண்டினால் சதுப்பு. அதில் மண் கொட்டிக் கரை எழுப்பிய கூலிக்காரர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. எஞ்சின்களின் பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன: சாஹிப், சிந்து, சுல்தான்.

1853 ஏப்ரல் 16, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணியளவில் போரிபந்தரில் 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கின. 14 பெட்டிகள், சுமார் 400 விருந்தினர்கள். மூன்று எஞ்சின்களும் சேர்ந்து இழுக்க, பைகுலா, தாதர் கடந்து, சயானில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு 34 கிலோமீட்டர் ஓடித் தானே சேர்ந்தது ரயில். (நம் ஊர்க்காரர்கள் ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம்: கல் ஏற்றுவதற்காகச் செங்குன்றம் பக்கம் 1837-லேயே ரயில் ஓடியது. ஆனால் அதில் ஆள் ஏற டிக்கெட் கிடையாது.)

நான்கே நாளில், ஏப்ரல் 20-ஆம் தேதி, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி நாடு முழுக்க ரயில் வேண்டுமென்று நீண்ட குறிப்பு எழுதினார். அதில் பட்டாளத்தை விரைவாக நகர்த்துவதும் வியாபாரமும்தான் முன்னால் நின்றன, பயணிகள் கடைசியில். ஆனால் சனங்கள் அந்த வரிசையைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் வகுப்பில் அடைந்துகொண்டு ஏறினார்கள். கம்பெனிக்குப் பயணிகளால் வந்த காசில் பெரும்பங்கு அவர்கள் கொடுத்ததுதான்.

பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் மதராஸிலிருந்து போன தண்டவாளமும் 1871-ல் ராய்ச்சூரில் கைகோத்தன. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. தாராவிக்கும் மாதுங்காவுக்கும் தமிழர் ரயிலேறி வர வழி திறந்தது அப்படித்தான்.