குளியல் தொட்டியின் விளிம்பு: கட்ஸ் அளவுகோல் குறித்து ஒரு மறுவாசிப்பு

முதியவரின் எஞ்சிய வாழ்நாளை மதிப்பிட நோய்களின் பெயர்கள் மட்டும் போதா, அவரால் என்ன செய்துகொள்ள முடிகிறது என்பதும் தெரியவேண்டும் என்ற எண்ணத்துக்கு வழிகோலியவர்களுள் சிட்னி கட்ஸ் முக்கியமானவர். கிளீவ்லாந்தின் பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிந்தவர்களைக் கவனித்ததில் தொடங்கி, அவரும் சகாக்களும் 1963இல் வெளியிட்ட அளவுகோல் குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணுதல் என ஆறு செயல்களை வரிசைப்படுத்தியது. குளித்தல் முதலில் கைவிட்டுப் போகும். உண்ணுதல் கடைசிவரை நிற்கும். இந்த வரிசை பெரும்பாலும் சரியே. ஆனால் நலம்பெறும் நோயாளி குழந்தை வளரும் வரிசையிலேயே இச்செயல்களை மீட்கிறார், ஆகவே இது உயிரியலில் வேர்கொண்ட ஒழுங்கு என்று கட்ஸ் தந்த விளக்கத்தை ஏற்பது கடினம்.

காரணம் அவருடைய வரையறையிலேயே கிடக்கிறது. முதுகையோ செயலிழந்த ஓர் உறுப்பையோ பிறர் தேய்த்துவிட்டாலும் ஒருவர் தாமே குளிப்பவராகவே கணக்கிடப்படுவார்; தொட்டிக்குள் இறங்கவோ ஏறவோ கைகொடுத்தால் அவர் பிறரைச் சார்ந்தவராகிவிடுவார். ஆக, இங்கே அளக்கப்படுவது உடலைக் கழுவும் திறன் மட்டுமல்ல. ஒற்றைக் காலில் எடையைத் தாங்கி, மறு காலை உயரமான விளிம்புக்கு மேல் தூக்கி, ஈரத்தரையில் நிலைதவறாமல் நிற்கும் திறனும்தான். அமெரிக்க வீட்டின் தொட்டியை எடுத்துவிட்டு, முக்காலியில் அமர்ந்து வாளித் தண்ணீரை மொண்டு குளிக்கும் ஏற்பாட்டை வைத்தால் குளித்தல் அதே முதலிடத்தில் நிற்குமா? நிற்காது என்றே கருதுகிறேன். அந்த ஒப்பீடு இல்லாமல் இதை முடிந்த முடிபாகச் சொல்லவும் மாட்டேன். வரிசைக்குள் அடங்காதவர்களுக்காகக் கட்ஸே ‘பிற’ என்றொரு வகுப்பை ஒதுக்கியதும் கவனிக்கத்தக்கது. அதில் சிலர் விழுவது எந்த அளவுகோலுக்கும் இயல்பு எனலாம். ஆனால் ஒரு கை செயலிழந்து உடுத்தத் திணறியும் நடமாடிவரும் பக்கவாத நோயாளியைக் குழந்தைப் பருவத்தின் எந்தப் படியில் வைப்பது?

உண்ணுதல் இறுதிவரை நிற்பது குழந்தை ஒப்புமைக்கு வலுச்சேர்க்கிறதே என்பது வலுவான மறுப்பு. அமர்ந்தபடி கையை வாய்க்குக் கொண்டுசெல்ல இந்த ஆறில் குறைந்த உடல்வலுவே தேவை. வரிசையை விளக்க அதுவே போதும். பின்வந்த ஆய்வுகளும் இத்திசையிலேயே செல்கின்றன. ஜாக் குரால்னிக் குழு 1995இல் அயோவா ஆய்வில், எந்த இயலாமையும் இல்லாத, 70 வயது கடந்த 1,122 பேரின் நிற்கும் நிலை, நடை, நாற்காலியிலிருந்து எழும் வேகம் ஆகியவற்றை அளந்தது. குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் நான்கு ஆண்டுகளில் இயலாமைக்கு ஆளாகும் வாய்ப்பு, உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுடையதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். கட்ஸின் வினாக்களுக்கு இவர்கள் எல்லோரும் ஒரே விடை தந்திருப்பார்கள். கால்களோ முன்பே வேறு விடை சொல்லிவிட்டன. ஸ்டெஃபானி ஸ்டுடென்ஸ்கி 2011இல் ஒன்பது ஆய்வுகளின் 34,485 பேரைத் தொகுத்தபோது, நடைவேகம் நொடிக்கு 0.1 மீட்டர் கூடுந்தோறும் இறப்பு அபாயம் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்தது. நடை மெதுவாவது இதய, நுரையீரல் நோய்களின் நிழல்தானே எனலாம். ஓரளவு உண்மைதான், பல உறுப்புகளின் தளர்ச்சி ஒரே செயலில் திரள்வதால்தான் அது இவ்வளவு சொல்கிறது.

செயல்திறன் அளவீடு பராமரிப்புக் கருவி என்ற நிலையிலிருந்து இறப்பை முன்னுரைக்கும் கருவியாக மாறியதை ஓர் ஆண்டில் நிறுத்திவிட முடியாது. மாசசூசெட்ஸ் முதியவர்கள் பிறர் துணையின்றி இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்று 1983இல் கணக்கிட்டவரும் கட்ஸ்தான். குரால்னிக்கின் அளவீடுகள் வருவதற்குப் பத்தாண்டுக்கும் முன்பு, அதே அன்றாடச் செயல்களைக் கொண்டு.