முறுக்காத முறுக்குக் கம்பி: வெப்பத்தை அளக்கக் கற்ற வரலாறு

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையைத் தாண்டிவிட்டால் எதிரே வரும் லாரிகளின் சுமை மாறிவிடும். 12 மீட்டர் நீளக் கம்பிக் கட்டுகள், வால்பக்கம் சிவப்புத் துணி தொங்க, வண்டியின் ஆட்டத்துக்கு ஏற்ப மேலும் கீழும் அசைந்தபடி தெற்கே போய்க்கொண்டிருக்கும். அந்தக் கம்பிக்குச் சுவர் விளம்பரமும் தொலைக்காட்சி விளம்பரமும் சொல்லும் பெயர் ஒன்றுதான்: டி.எம்.டி. முறுக்குக் கம்பி. ஆனால் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் முறுக்கு இல்லை. நீளவாக்கில் ஓடும் இரண்டு வரம்புகளும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கின்றன. முறுக்கியிருந்தால் அவை கொடிபோலச் சுற்றிக்கொண்டு போயிருக்கும்.

முறுக்குக் கம்பி என்பது முந்தைய தலைமுறைக் கம்பியின் பெயர். பொருள் மாறிய பிறகும் பெயர் தங்கிவிட்டது. அந்தப் பெயருக்குப் பின்னே நடந்த மாற்றத்தைத் தொடர்ந்து போனால் கட்டுமானப் பொறியியல், கணிதம், தொழிலாளர் உடல்நலம் என்ற மூன்று துறைகள் குறுக்கிடுகின்றன. பல்கலைக்கழகத்தில் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டடங்கள். அந்தக் கம்பிகள் புறப்படும் கும்மிடிப்பூண்டியின் ரோலிங் மில்லில் மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. மூன்றையும் இணைப்பது வெப்பம். இரும்புக்குள் வெப்பம் என்ன செய்கிறது என்பதை ஆய்வுலகம் நுட்பமாக அளக்கக் கற்றுக்கொண்டது. உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதையும் ஏறக்குறைய அதே காலத்தில் கற்றுக்கொண்டது. இரண்டு அளவும் இன்றுவரை ஒரே தாளில் எழுதப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முறுக்கிலிருந்து தொடங்கலாம். காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுபடும் இடத்தில் இரும்பை வைக்கும் யோசனைக்கு 1867-இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சின் ஜோசப் மோனியே. அவர் ஒரு தோட்டக்காரர். பூந்தொட்டி உடையாமல் இருப்பதற்காகத்தான் அதைச் செய்தார். அடுத்த சிக்கல், வழவழப்பான கம்பி காங்கிரீட்டுக்குள் வழுக்கும் என்பது. 1884-இல் அமெரிக்காவின் எர்னஸ்ட் ரான்சம் சதுரக் கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே முறுக்கிக் காப்புரிமை வாங்கினார். முறுக்கிய விளிம்பு காங்கிரீட்டைக் கவ்விக்கொண்டது. அதோடு இன்னொரு பலனும் இருந்தது. குளிர்ந்த எஃகை முறுக்கும்போது அதன் உள்ளமைப்பு சிக்கலாகி, மேற்கொண்டு வளையப் பிடிவாதம் பிடிக்கும். சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் இழுப்பில் நெகிழத் தொடங்கும் சாதாரண எஃகுக்கு மாற்றாக 415 நியூட்டன் வரை நிற்கும் கம்பி இந்த வழியில் கிடைத்தது. ஐரோப்பாவில் 'டார்' என்ற பெயரில் பரவிய அந்தக் கம்பி 1960-களில் இந்தியாவுக்கு வந்தது. அன்று முதல் நம் கொத்தனார்களின் வாயில் அது டார் கம்பி, இல்லையென்றால் முறுக்குக் கம்பி.

இந்தியத் தர நிர்ணய ஆவணம் ஐ.எஸ். 1786-இன் தலைப்புகளை வரிசையாக வைத்தாலே இந்த வரலாறு தெரியும். 1966-இல் அது குளிரில் முறுக்கிய கம்பிகளுக்கான ஆவணம். 1979-இல் 'முறுக்கிய' என்பது 'குளிர்வேலை செய்த' என்று விரிந்தது. 1985-இல் அதுவும் போய், அதிவலிமை கொண்ட வரம்புக் கம்பி என்பது மட்டும் நின்றது. எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வதை ஆவணம் விட்டுவிட்டு, எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லத் தொடங்கியது. புதிய முறை உள்ளே வருவதற்கு அந்த வாசல்தான் திறந்தது.

கம்பி வேலை தெரிந்த எவரும் மனத்தில் வைத்திருக்கும் ஒரு கணக்கை இங்கே சொல்ல வேண்டும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ, முழு நீளக் கம்பி சுமார் 10.67 கிலோ. ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ என்பதும் வட்டத்தின் பரப்பளவு வாய்பாடும் சேர்ந்து ஒடுங்கியதுதான் அந்த 162. எடைச் சீட்டைச் சரிபார்க்கும் மேஸ்திரியிடம் அதில் பை (π) எங்கே என்று கேட்டால் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அது அவர் கணக்குக்குள் இருக்கிறது, ஒவ்வொரு லாரிச் சுமையிலும் சரியாக வேலை செய்கிறது.

முறுக்கிய கம்பிக்கு ஒரு குறை இருந்தது. முறுக்கின்போது ஏறிய உள்ளிறுக்கம் கம்பிக்குள்ளேயே தங்கும். இழுவைத்தன்மை குறையும், துருவும் விரைவில் பிடிக்கும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களுக்கு இது பெரிய கவலை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பித் துருவைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, சிமெண்டும் பாலிமரும் கலந்த மேற்பூச்சு ஒன்றை உருவாக்கியது. அந்த ஆய்வகத்துக்கு நிலமும் பணமும் தந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். சென்னையில் இராமானுஜன் கணித நிறுவனத்தை உண்டாக்கியவரும் அவரே. துருவையும் எண் கோட்பாட்டையும் ஒருசேரப் பொருட்படுத்திய ஒரு மனம் நம்மிடையே இருந்தது என்பதை இந்த வரலாற்றில் குறித்துவைக்கத்தான் வேண்டும்.

விடை 1970-களில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து உலோக ஆய்வு மையத்திலிருந்து வந்தது. முறுக்கே வேண்டாம், தண்ணீர் போதும் என்பதே அந்த விடை. கேட்டால் நம் ஊர்க் கொல்லருக்கு வியப்பு ஏற்படாது. அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தெடுக்கும் வேலைக்குத் தமிழில் துவைச்சல் என்று சொல்லே இருக்கிறது. பகைவர் கையில் விழுந்த கோட்டையை இனி மீட்க முடியாது என்று சொல்ல, காய்ந்த இரும்பு குடித்த நீரை உவமையாக்குகிறார் புறநானூற்று 21-ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார். புதிய முறையில் புதிதாக இருந்தது தோய்ப்பதை அரைகுறையாக நிறுத்திய துணிவு.

ரோலிங் மில்லில் அது நடக்கும் விதம் இது. 1,100 டிகிரிக்கு மேல் காய்ந்த பில்லெட் என்னும் எஃகுக் கட்டை, உருளைகளுக்கிடையே மெலிந்து மெலிந்து, கடைசி உருளையை விட்டு வெளியே வரும்போது கம்பியாகிவிட்டிருக்கும். அப்போதும் அது 950 டிகிரிக்குமேல் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அதே வேகத்தில் நீர்க்குழாய்ப் பெட்டிக்குள் நுழைந்து வெளியேறும். வெளித்தோல் கறுத்துப்போகும், கடினமான மார்ட்டென்சைட்டாக மாறிவிடும். உள்ளே நெருப்பு அப்படியே இருக்கும். குளிர்தளத்தில் கம்பி போய் விழுந்ததும் கறுத்த தோல் உள்ளிருந்து மறுபடி சிவந்து வரும். உள்வெப்பம் வெளியே பரவித் தோலை 600 டிகிரி அளவில் பதப்படுத்துகிறது. நொறுங்கும் கடினம் நீங்கி உறுதி மட்டும் தங்கும். மெல்ல ஆறும் நடுப்பகுதி மெதுமையாகவே இருக்கும். நுனியை வெட்டி, தேய்த்து மெருகேற்றி, ஆல்ககாலில் கரைத்த நைட்ரிக் அமிலத்தைத் தொட்டு வைத்தால் அடர்சாம்பல் நிறத்தில் ஒரு வளையமும் நடுவில் வெளிறிய வட்டமும் தெரியும். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக, அறுபடாமல் இருந்தால் தண்ணீர் சரியாக விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் மெலிந்திருந்தால் குழாயில் எங்கோ அடைப்பு.

எத்தனை கணம் தண்ணீரில் இருக்க வேண்டும்? இதற்கான கணிதத்தை 1807-இல் எழுதத் தொடங்கி 1822-இல் நூலாக்கியவர் ஜோசப் ஃபூரியே. அவரது வெப்பச் சமன்பாட்டின் நேரடி விளைவு ஒன்று: கடத்தல் ஒன்றை மட்டும் பார்த்தால், தடிமன் இரு மடங்கானால் வெப்பம் உள்ளிருந்து வெளியேற ஆகும் நேரம் நான்கு மடங்கு. 10 மி.மீ. கம்பிக்கு வைத்த நீர்க்கணக்கு 20 மி.மீ. கம்பிக்குப் பொருந்தாது. சைஸ் மாறும்போதெல்லாம் நீரின் அளவையும் கம்பியின் வேகத்தையும் மாற்றியமைக்கிறார்களே, அது ஃபூரியேயின் வாய்பாட்டைக் கைப்பழக்கமாக்கிய வேலை.

1971-இல் அமைந்த சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் உருவாக்கிய தொழில் வளாகமும் அதைச் சுற்றிய ஊர்களும் இந்த வேலைக்கு ஏற்ற இடமாயின. தெற்கே சென்னைத் துறைமுகம், பக்கத்திலேயே ரயிலும் நெடுஞ்சாலையும், கம்பி கேட்டுக்கொண்டே இருக்கும் பெருநகரம். பழைய இரும்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கும் ஆலைகள் இங்கே பெருகின. அந்த உலை பாஸ்பரஸை எளிதில் நீக்காது. எந்த ஸ்கிராப்பைப் போடுகிறோமோ அதன் குணம் கம்பியில் வரும். இதனால்தான் ஐ.எஸ். 1786-இன் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பகுதிக்கு முக்கியமானது. அதில் 'டி' என்ற எழுத்தைச் சுமந்த இழுவைத்தன்மை வகைகள் சேர்ந்தன. எஃப்.இ. 500 கம்பியில் கந்தகமும் பாஸ்பரஸும் தலா 0.055 சதவீதம் வரை இருக்கலாம். 500 டி என்றால் 0.040. அறுபடுமுன் முன்னது 12 சதவீதமாவது நீள வேண்டும், பின்னது 16. பூஜ் நிலநடுக்கத்துக்கு அடுத்த ஆண்டு, 2002-இல், நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. ஆடும் கட்டடம் விழாமல் இருக்கக் கம்பி நீள வேண்டும். அந்த 4 சதவீதக் கூடுதல், உள்ளே இருப்பவர் வெளியே ஓடக் கிடைக்கும் நேரம்.

இவ்வளவும் கம்பியின் கதை. குளிர்தளத்தின் ஓரத்தில் நீண்ட கொக்கியோடு நிற்பவரின் கதை இன்னொரு வரிசையில் நடந்தது.

1905-இல் பிரிட்டனின் ஜே.எஸ். ஹால்டேன் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்து, மனிதனை வீழ்த்துவது வெறும் வெப்பநிலை அல்ல, ஈரக்குமிழ் வெப்பநிலைதான் என்று காட்டினார். வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் ஆறாது. 1930-களில் வெர்னன் கறுப்புக் கோள வெப்பமானியைக் கொண்டுவந்தார். உலையின் கதிர்வீச்சு அதில் பதிவாகும். 1957-இல் யாக்லவும் மினார்டும் அமெரிக்க மரைன் படைப் பயிற்சி வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுவதைத் தடுக்க இவற்றை ஒரே எண்ணாக்கினார்கள். கூரைக்குக் கீழே அந்தக் கணக்கு எளிது: ஈரக்குமிழ் அளவில் 0.7 பங்கு, கோள அளவில் 0.3 பங்கு. ஐ.எஸ்.ஓ. 7243 இதை உலக அளவுகோலாக ஏற்றது. வெப்பத்துக்குப் பழகிய உடலுக்கு நடுத்தர வேலையில் 28, கடும் வேலையில் 26 என்பது அதன் எல்லை.

போட்டுப் பார்ப்போம். ஈரக்குமிழ் 28, உலையில்லாத ஷெட்டில் கோளம் 36 என்றால் விடை 30.4. அதே நாளில் உலைமுன் கோளம் 50 காட்டினால் 34.6. இரண்டு இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் வானிலை அறிக்கை ஒன்றுதான். முதலாமவரே எல்லையைக் கடந்துவிட்டார், இரண்டாமவர் அதைவிட வெகு தூரம் போய்விட்டார்.

கணிதமும் இங்கே பின்தங்கவில்லை. 1948-இல் ஹாரி பென்னெஸ் ஃபூரியேயின் சமன்பாட்டோடு இரத்த ஓட்டத்துக்கு ஓர் உறுப்பையும் உடல் தானே உண்டாக்கும் வெப்பத்துக்கு ஓர் உறுப்பையும் சேர்த்தார். கம்பிக்கும் மனிதத் தசைக்கும் அடிப்படைச் சமன்பாடு ஒன்றே என்று அதிலிருந்து ஆனது. ஒரு வேறுபாடு உண்டு. கம்பிக்கு 600 டிகிரி பதம். உடம்பின் 37 டிகிரி 40-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வைத் தொடர்ந்து செய்துவருவது சென்னை போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவரது குழுவும். உப்பளம், செங்கல் சூளை, உருக்காலை என்று களத்தில் இறங்கி அளக்கிறார்கள். தென்னிந்திய உருக்காலை ஒன்றில் அவர்கள் செய்து 2017-இல் வெளியான ஆய்வில் பெரும்பாலான அளவீடுகள் எல்லையைத் தாண்டியிருந்தன. நீரிழப்பு, வேலைத்திறன் குறைவு, சிறுநீரகப் பாதிப்பு என்று அவர்கள் ஆய்வுகள் ஒரு திசையையே காட்டுகின்றன. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அது வானத்திலிருந்து வரும் வெப்பத்துக்கானது. உலையிலிருந்து வருவது ஆண்டு முழுவதும் இருக்கிறது, மார்கழியிலும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் கட்டுமானப் பொறியியல் மறுபடி உள்ளே வர வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வெப்பம் இயன்றவரை குறையும்படி சுவரையும் கூரையையும் வடிவமைக்க வேண்டும் என்றது. 75 ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் எழுதியவர்களுக்குக் கூரை ஓர் உடல்நலக் கருவி என்பது தெரிந்திருந்தது. நம் ஷெட்களின் வடிவமைப்போ காற்றழுத்தம், சுயஎடை, கிரேன் சுமை ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. வெப்பச் சுமையை யாரும் கூட்டுவதில்லை. கூட்டினால் எவ்வளவு வரும்? ஒரு டன் கம்பி 600 டிகிரியிலிருந்து அறை வெப்பத்துக்கு ஆறும்போது ஏறத்தாழ 300 மெகாஜூல் ஷெட்டுக்குள் இறங்குகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமந்து செல்வது 2.4 மெகாஜூல். ஒரு டன்னின் வெப்பம் 120 லிட்டருக்குமேல் நீரை ஆவியாக்கப் போதும். அதில் பெரும்பகுதியைக் கூரை முகட்டின் திறப்பு வழியே மேலே அனுப்பிவிட முடியும். திறப்பின் அகலம், ஷெட்டின் உயரம், கீழே காற்று நுழையும் இடம் மூன்றும் கணக்கிடக்கூடியவை. தரமணியில் பெயர் பெற்ற கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது, போரூரில் உடலை அளப்பவர்கள் இருக்கிறார்கள், இடையில் ஐ.ஐ.டி. இருக்கிறது. கும்மிடிப்பூண்டி இவர்களிடமிருந்து ஒரு புறநகர் ரயில் பயணத் தூரம்.

ஈரக்குமிழ் வெப்பமானியின் அமைப்பு மிக எளியது: குமிழைச் சுற்றி நனைந்த பருத்தித் திரி, அவ்வளவுதான். திரியிலிருந்து நீர் ஆவியாக ஆவியாக அளவு இறங்கும். உலைமுன் வேலை செய்பவர்கள் தலையில் கட்டும் நனைத்த துண்டும் அதே பருத்தி, அதே வேலை. பிற்பகலில் வறண்ட மேல்காற்று அடிக்கும்வரை அது விறுவிறுவென்று காய்ந்து, அவர்கள் மறுபடி மறுபடி குழாயடிக்குப் போய் நனைத்துவருவார்கள். பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடற்காற்று திரும்பியதும் துண்டு அப்படியே ஈரமாக நிற்கும், காயாது.