உறைவு

“காலில் ரத்தம் கட்டிக்கிச்சு” என்றால் மலேசியாவின் தங்கா பத்துத் தமிழர் வீடுகளில் கை முதலில் தைலப் புட்டிக்குத்தான் போகும். அடிபட்டுக் கன்றிய ரத்தக்கட்டுக்கு அது சரி. டாக்டர் சொல்லும் ரத்த உறைவு வேறு: நாளத்துக்குள்ளேயே ரத்தம் திரண்டு வழியை அடைப்பது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்துச் சூடாக இருந்தால் நீவவே கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மூச்சுத் திணறினால் உடனே 999.

உறைதல் அடுப்படிச் சொல். பிரை ஊற்றிய பால் உறைகிறது, குளிர்பெட்டியில் தேங்காயெண்ணெய் உறைகிறது. மலாயில் ரத்த உறைவு ‘டாரா பெக்கு’; பெக்கு என்பது நீர் ஐஸாக இறுகுவதற்கும் ஆகும். இதன் ஆங்கில மருத்துவப் பெயரான ‘துரோம்போசிஸ்’ பிறந்த கிரேக்கத் ‘துரோம்போஸ்’ பால்கட்டியையும் குறித்தது என்பதுதான் வேடிக்கை. இந்நோயை ஆராய்ந்த ருடால்ஃப் விர்க்கோ 1821இல் பிறந்த அக்டோபர் 13ஆம் தேதி, 2014 முதல் உலக ரத்த உறைவு நாள்.

இதற்கான மருந்தின் மலாய்ப் பெயர்தான் எனக்கு ஒப்பவில்லை: ‘ஊபாட் சாயர் டாரா’, ரத்தத்தைத் தண்ணியாக்கும் மருந்து. அப்படி அழைக்கப்படும் வார்ஃபரின் ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை. உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. மலேசிய அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநர்கள் நடத்தும் வார்ஃபரின் கிளினிக்கில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவீட்டைப் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். பலருக்கு இலக்கு 2 முதல் 3. சமைப்பவர் கவனிக்க: கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் அறவே இல்லை என்றால், அதிலுள்ள வைட்டமின் கே ஏறி இறங்கி மருந்தின் கணக்கைக் குலைத்துவிடும்.